ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஸ்னாப்ஷாட் வைத்து நம்பகமாக பேக்கப் எடுப்பது எப்படி

இரண்டு வருடமாக ஒவ்வொரு இரவும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், என் குறிப்புகள் எல்லாம் இருந்த டேட்டாபேஸ் ஃபைலை இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து வந்தது. ஒருநாள் மூல டிஸ்க் போய்விட்டது. சரி, நகல் இருக்கிறதே என்று எடுத்துத் திறந்தால், ஃபைல் சிதைந்திருக்கிறது என்று வருகிறது. பெயர் சரி, தேதி சரி, அளவும் சரி, உள்ளே இருப்பதுதான் சரியில்லை. முந்தைய இரவு, அதற்கு முந்தைய இரவு என்று பின்னால் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் 11 நாள் பழைய நகல்தான் திறந்தது. அந்த 11 நாளில் எழுதியது எதுவும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஸ்கிரிப்ட்டில் எழுத்துப்பிழை கிடையாது, டிஸ்க்கிலும் குறை கிடையாது. நகல் எடுக்கும் அதே நேரத்தில் அந்த மென்பொருள் திறந்தே கிடந்து ஃபைலுக்குள் எழுதிக்கொண்டும் இருந்தது, அவ்வளவுதான் காரணம். ஒரு பெரிய ஃபைலை நகல் எடுக்க ஒரு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். நகலின் முதல் பகுதி 2:00 மணிக்கு ஃபைல் இருந்த நிலை, கடைசிப் பகுதி 2:01க்கு இருந்த நிலை. நடுவில் மென்பொருள் முன்பகுதியில் இருந்த அட்டவணையையும் பின்பகுதியில் இருந்த தரவையும் சேர்த்து மாற்றியிருந்தால், நகலில் பழைய அட்டவணையும் புதிய தரவும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு ஃபைல் மூல டிஸ்க்கில் எந்த நொடியிலும் இருந்ததே இல்லை.

ஒரே ஃபைலுக்கே இந்தக் கதி என்றால், ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் பல ஃபைல்கள் இருக்கும் இடத்தில் இன்னும் மோசம். போட்டோ கேட்டலாக் ஒரு ஃபைலில், போட்டோக்கள் வேறு ஃபோல்டரில். மெயில்கள் ஒரு இடத்தில், அவற்றின் இன்டெக்ஸ் வேறு இடத்தில். பேக்கப் ஓடும் அரை மணி நேரத்தில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் நகலாகின்றன. விண்டோஸில் சில ஃபைல்களைத் திறக்கவே விடாது, வேறொரு புரோகிராம் பயன்படுத்துகிறது என்று சொல்லிவிடும். அது தொல்லையாகத் தோன்றினாலும் நல்லதுதான், பிரச்சினை இருப்பதாவது தெரிகிறது. லினக்ஸும் மேக்கும் பெரும்பாலும் தடுக்காது, சத்தமே இல்லாமல் பாதி பழையதும் பாதி புதியதுமாக நகல் எடுக்க விட்டுவிடும். எனக்கு நடந்ததும் அதுதான்.

இதற்கான தீர்வுதான் ஸ்னாப்ஷாட். டிஸ்க் முழுவதையும் ஒரே நொடியில் உறைய வைத்தது போல ஒரு தோற்றத்தை ஆபரேட்டிங் சிஸ்டம் உருவாக்கித் தரும். நீங்கள் வேலையைத் தொடரலாம், எழுதலாம், அழிக்கலாம். பேக்கப் மென்பொருள் மட்டும் அந்த உறைந்த தோற்றத்திலிருந்து நிதானமாக மூன்று மணி நேரம்கூட நகல் எடுத்துக்கொண்டிருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

முழு டிஸ்க்கையும் ஒரு நொடியில் நகல் எடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது உண்மையில் எதுவும் நகலாவதில்லை. "இந்த நொடியில் எந்தெந்த பிளாக் (டிஸ்க்கில் தரவு பிரித்து வைக்கப்படும் சிறு துண்டு) எங்கே இருந்தது" என்ற கணக்கு மட்டும்தான் பதிவாகிறது. அதனால்தான் 2 டிபி டிஸ்க்குக்கும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

அப்புறம் யாராவது ஒரு பிளாக்கை மாற்றப் போனால்தான் வேலை வருகிறது. இதில் இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸின் ஷேடோ காப்பியும் லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட்டும், மாற்றத்துக்கு முன்பு பழைய பிளாக்கை எடுத்து ஒரு தனி இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதன் பிறகுதான் புதியதை எழுதும். ஒரு தடவை எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு தடவை படிக்கவும் இன்னொரு தடவை எழுதவும் வேண்டியிருப்பதால் ஸ்னாப்ஷாட் உயிரோடு இருக்கும்வரை டிஸ்க் கொஞ்சம் மெதுவாகும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், ஏபிஎஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள் (டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகள்) வேறு மாதிரி: பழைய பிளாக்கைத் தொடவே தொடாமல் புதியதை வேறு காலி இடத்தில் எழுதி, சுட்டியை மட்டும் அங்கே திருப்பிவிடும். ஸ்னாப்ஷாட் வைத்திருப்பவர் பழைய சுட்டிகளைப் பிடித்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அதனால் இவற்றில் ஸ்னாப்ஷாட்டால் வரும் வேகக்குறைவு மிகக் குறைவு.

இதிலிருந்தே இரண்டு விஷயங்கள் புரிந்துவிட வேண்டும். முதலாவது, ஸ்னாப்ஷாட் என்பது பேக்கப் ஆகாது. மாறாத பிளாக்குகள் எல்லாம் மூலமும் ஸ்னாப்ஷாட்டும் பங்குபோட்டுக்கொள்ளும் அதே பிளாக்குகள்தான், அதே டிஸ்க்கில். டிஸ்க் போனால் இரண்டும் ஒன்றாகப் போகும். "என்னிடம் மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் இருக்கிறது, எனக்கு எதற்கு பேக்கப்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். இரண்டாவது, பிடிஆர்எஃப்எஸ், ஏபிஎஃப்எஸ் போன்ற இந்த இரண்டாம் வகையில், ஸ்னாப்ஷாட்டுக்குள் இருக்கும் 50 ஜிபி ஃபைலை அழித்தால் டிஸ்க்கில் இடம் கூடாது, ஏனென்றால் அந்த 50 ஜிபியை ஸ்னாப்ஷாட் இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. அழித்தும் இடம் வரவில்லையே என்று குழம்பிப்போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் பழைய ஸ்னாப்ஷாட்களின் பட்டியல்தான்.

வேலையின் வரிசை

எந்த ஆபரேட்டிங் சிஸ்டமாக இருந்தாலும் ஒழுங்கு ஒன்றுதான். முதலில் எழுதிக்கொண்டிருக்கும் மென்பொருள்களிடம் கையிலிருப்பதை டிஸ்க்கில் இறக்கிவிட்டு ஒரு நொடி பொறுக்கச் சொல்வது. அப்புறம் ஸ்னாப்ஷாட். உடனே மென்பொருள்களை விடுவிப்பது. அதற்குப் பிறகு ஸ்னாப்ஷாட்டைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி மவுண்ட் செய்து (ஒரு ஃபோல்டர் போலத் திறந்து வைத்து), அதிலிருந்து வேறு டிஸ்க்குக்கோ வேறு கணினிக்கோ நகல் எடுப்பது. நகல் நன்றாக முடிந்ததா என்று பார்ப்பது. கடைசியாக ஸ்னாப்ஷாட்டை அழிப்பது.

பொறுக்கச் சொல்லும் அந்த முதல் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் எடுத்த ஸ்னாப்ஷாட், கரண்ட் திடீரென்று போன கணினியின் டிஸ்க்கைப் போன்றது. எல்லாம் ஒரே நொடியைச் சேர்ந்தவை, ஆனால் மெமரியில் இருந்து இன்னும் எழுதப்படாதது எதுவும் உள்ளே இல்லை. நல்ல டேட்டாபேஸ்கள் கரண்ட் போனாலும் மீண்டுவர என்றே வடிவமைக்கப்பட்டவை, அதனால் பெரும்பாலும் இதுவே போதும். சாதாரண நகலைவிட எவ்வளவோ மேல். ஆனால் மென்பொருளே ஒத்துழைத்து எடுக்கும் ஸ்னாப்ஷாட்தான் சிறந்தது. இன்னொன்றும் மறக்க வேண்டாம்: நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும், இன்னும் சேவ் செய்யாத கடிதம் எந்த ஸ்னாப்ஷாட்டிலும் வராது. அது டிஸ்க்கிலேயே இல்லை.

விண்டோஸ்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே வால்யூம் ஷேடோ காப்பி சர்வீஸ் இருக்கிறது, சுருக்கமாக விஎஸ்எஸ். இதில் மூன்று பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ரிக்வெஸ்டர் என்பது பேக்கப் மென்பொருள், ஸ்னாப்ஷாட் வேண்டும் என்று கேட்பவர். ரைட்டர் என்பது எஸ்க்யூஎல் சர்வர், ரெஜிஸ்ட்ரி போன்ற எழுதுபவர்களின் சார்பாக நிற்பவர். கேட்டதும் கையிலிருப்பதை டிஸ்க்கில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார். புரொவைடர் ஸ்னாப்ஷாட்டை உண்மையில் எடுப்பவர். ரைட்டர்கள் அதிகபட்சம் 60 நொடிதான் உறைந்திருக்க முடியும், டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்தி வைக்கும் அந்த உச்சக்கட்டம் 10 நொடிக்குள் முடிந்தாக வேண்டும். முடியவில்லை என்றால் ஸ்னாப்ஷாட் தோற்றுப்போகும். டிஸ்க் மூச்சுத்திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில், உதாரணமாக வைரஸ் ஸ்கேன் முழுவீச்சில் ஓடும்போது, பேக்கப் தோற்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம். அந்த நேரத்தைத் தவிர்த்து வேறு நேரத்துக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது, விஎஸ்எஸ் பயன்படுத்தும் பேக்கப் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது. வெறும் காப்பி-பேஸ்ட்டோ, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகல் கமாண்டோ தானாக விஎஸ்எஸ் பயன்படுத்தாது, திறந்திருக்கும் ஃபைலில் மாட்டிக்கொள்ளும். ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் யூஸ்-எஃப்எஸ்-ஸ்னாப்ஷாட் என்ற ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும், அட்மினிஸ்ட்ரேட்டராகவும் ஓட்ட வேண்டும். உங்கள் மென்பொருள் உண்மையில் இதைச் செய்கிறதா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது: அவுட்லுக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, மெயில்களை வைத்திருக்கும் அதன் பிஎஸ்டி ஃபைல் இருக்கும் ஃபோல்டரை மட்டும் பேக்கப் எடுத்துப் பாருங்கள். அந்த ஃபைல் விடுபட்டாலோ பிழை வந்தாலோ விஎஸ்எஸ் ஓடவில்லை.

அப்புறம் அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்ட்டில் "விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்" என்று கொடுத்தால் எல்லா ரைட்டர்களின் நிலையும் வரும். ஒவ்வொன்றின் கீழும் ஸ்டேபிள் என்றும் நோ எரர் என்றும் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று ஃபெயில்டு என்று நின்றால், அந்த ரைட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வீஸை மறுபடி தொடங்குங்கள். எது என்று தெரியாவிட்டால் கணினியையே ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். இதே கமாண்டில் "லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ்" கேட்டால், பழைய பிளாக்குகளுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறது, எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று தெரியும். அந்த இடம் நிரம்பினால் விண்டோஸ் பழைய ஷேடோ காப்பிகளைத் தானே அழித்துவிடும், உங்களிடம் கேட்காது. நிறைய எழுதும் கணினி என்றால் "ரீசைஸ் ஷேடோஸ்டோரேஜ்" மூலம் இடத்தைக் கூட்டி வைப்பது நல்லது.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுத ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பவர்ஷெல் வழியாக வின்32_ஷேடோகாப்பி என்ற கிளாஸைக் கூப்பிட்டு ஷேடோ காப்பி உருவாக்கும் குறிப்புகள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அதில் வழக்கமாகக் கொடுக்கும் கிளையன்ட்அக்ஸஸிபிள் வகை ஸ்னாப்ஷாட், ரைட்டர்களைக் கூப்பிடாது. அதாவது கிடைப்பது கரண்ட் போன நிலைதான். வீட்டு ஃபைல்களுக்கு அது போதும், டேட்டாபேஸ் ஓடும் கணினிக்கு அதை நம்ப வேண்டாம். விண்டோஸ் சர்வர் என்றால் டிஸ்க்ஷேடோ என்ற கருவி கூடவே வருகிறது, அது ரைட்டர்களையும் சேர்த்து ஒழுங்காகச் செய்து, ஸ்னாப்ஷாட்டை ஒரு டிரைவ் எழுத்தாகவும் காட்டும்; அங்கிருந்து ரோபோகாப்பியில் தாராளமாக நகல் எடுக்கலாம்.

மேக்

மேக்கில் நீங்கள் செய்ய வேண்டியது குறைவு, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். 2017இல் ஹை சியராவோடு ஏபிஎஃப்எஸ் வந்தது, அதிலிருந்து ஸ்னாப்ஷாட் ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மேக்கின் சொந்த பேக்கப் மென்பொருளான டைம் மெஷின் முதலில் ஸ்னாப்ஷாட் எடுத்து அதிலிருந்துதான் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறது. கூடவே உள் டிஸ்க்கிலும் மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து 24 மணி நேரம் வைத்திருக்கும், இடம் தேவைப்பட்டால் அதற்கு முன்பே அழித்துவிடும். இந்த உள் ஸ்னாப்ஷாட்கள் தவறுதலாக அழித்ததை மீட்கத்தான். வெளி டிஸ்க்கைப் பல வாரமாகச் செருகாமல் இருந்துவிட்டு இவை இருக்கின்றன என்று நிம்மதியாக இருக்கக் கூடாது.

ஒரு பெரிய அப்டேட்டுக்கு முன்போ, ஆயிரக்கணக்கான ஃபைல்களைப் பெயர் மாற்றும் ஸ்கிரிப்ட் ஓட்டுவதற்கு முன்போ, டெர்மினலில் "டிஎம்யூட்டில் லோக்கல்ஸ்னாப்ஷாட்" என்று கொடுத்தால் உடனே ஒன்று எடுத்துக்கொள்ளும். இருப்பதைப் பார்க்க "டிஎம்யூட்டில் லிஸ்ட்லோக்கல்ஸ்னாப்ஷாட்ஸ்", கூடவே ஒரு சாய்கோடு. டிஸ்க் யூட்டிலிட்டியிலும் வியூ மெனுவில் ஏபிஎஃப்எஸ் ஸ்னாப்ஷாட்களைக் காட்டச் சொல்லலாம், எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்றும் அங்கே தெரியும். வேறு மென்பொருளில் பேக்கப் எடுப்பவர்கள், அது ஸ்னாப்ஷாட்டிலிருந்து படிக்கிறதா என்று அதன் செட்டிங்ஸில் பார்த்துவிடுங்கள். கார்பன் காப்பி குளோனர் அப்படித்தான் செய்கிறது.

லினக்ஸ்

இங்கேதான் நிறைய வழிகளும், தவறுவதற்கு நிறைய இடங்களும் இருக்கின்றன. முதலில் உங்கள் டிஸ்க்கில் என்ன ஃபைல் சிஸ்டம், அடியில் எல்விஎம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்விஎம் இல்லாத வெறும் இஎக்ஸ்டி4 என்றால் ஸ்னாப்ஷாட் கிடையாது. அப்போது டேட்டாபேஸ்களை அவற்றின் சொந்த டம்ப் கருவியால் தனி ஃபைலாக இறக்கிவிட்டு, அந்த ஃபைலை நகல் எடுப்பதே பாதுகாப்பான வழி. எஃப்எஸ்ஃப்ரீஸ் என்று ஒரு கமாண்ட் இருக்கிறதே, அதில் உறைய வைத்து நகல் எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நகல் முடியும்வரை டிஸ்க்கில் எழுதப்போகும் ஒவ்வொரு புரோகிராமும் அப்படியே தொங்கி நிற்கும், சிஸ்டமே இருக்கும் ரூட் பார்ட்டிஷனை உறைய வைத்தால் விடுவிக்கும் கமாண்டைக்கூட அடிக்க முடியாமல் போகலாம். வேண்டாம்.

எல்விஎம் இருந்தால் முதலில் "விஜிஎஸ்" கொடுத்து வால்யூம் குரூப்பில், அதாவது எல்விஎம்மின் கையில் உள்ள மொத்த இடத்தில், காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும்போதே எல்லா இடத்தையும் ரூட்டுக்குக் கொடுத்துவிட்டால் ஸ்னாப்ஷாட்டுக்கு இடமே இருக்காது, இதனால் புதிதாக நிறுவுபவர்கள் 10 முதல் 20 சதவீதத்தை ஒதுக்காமல் விட்டுவைப்பது நல்லது. எல்விகிரியேட் கமாண்டில் ஸ்னாப்ஷாட் ஆப்ஷனும், அளவும், ஒரு பெயரும், மூல வால்யூமின் பாதையும் கொடுத்தால் போதும். ஃபைல் சிஸ்டத்தை அந்த நொடிக்கு உறைய வைத்து விடுவிப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் கொடுக்கும் அளவு, ஸ்னாப்ஷாட் உயிரோடு இருக்கும் நேரத்துக்குள் மாறப்போகும் தரவின் அளவு. மொத்த டிஸ்க்கின் அளவு அல்ல. பேக்கப் ஒரு மணி நேரம் ஓடும், அதற்குள் 2 ஜிபி மாறும் என்று தோன்றினால் 6 ஜிபி கொடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். ஏனென்றால் அந்த இடம் நிரம்பினால் ஸ்னாப்ஷாட் அந்த நிமிடமே செல்லாததாகிவிடும், பாதியில் நிற்கும் பேக்கப்பும் அதோடு வீண். ஓடும்போது "எல்விஎஸ்" கொடுத்தால் டேட்டா சதவீதம் என்ற பத்தியில் எவ்வளவு நிரம்பியது என்று தெரியும், முதல் சில தடவை அதைப் பார்த்துப் பழகிக்கொண்டு அளவைத் திருத்துங்கள்.

எக்ஸ்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன இடறல் உண்டு. மூலத்துக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒரே யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) இருப்பதால் மவுண்ட் ஆக மறுக்கும். மவுண்ட் ஆப்ஷன்களில் ரீட்-ஒன்லியோடு நோயூயூஐடி என்பதையும் சேர்த்தால் ஏறிக்கொள்ளும்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் "சப்வால்யூம் ஸ்னாப்ஷாட்" கமாண்டைச் சிறிய ஆர் ஆப்ஷனோடு கொடுங்கள், அப்போதுதான் மாற்ற முடியாத ஸ்னாப்ஷாட் கிடைக்கும், அதைத்தான் சென்ட் கமாண்டும் ஏற்கும். இங்கே பலரை ஏமாற்றுவது வேறு ஒன்று: ஒரு சப்வால்யூமுக்குள் (ஃபைல் சிஸ்டத்துக்குள் தனிப் பிரிவாக நிற்கும் ஃபோல்டர்) இன்னொரு சப்வால்யூம் இருந்தால் ஸ்னாப்ஷாட் அதற்குள் இறங்காது. அந்த இடத்தில் காலி ஃபோல்டர் மட்டும் இருக்கும், பிழைச்செய்தி எதுவும் வராது. சில கன்டெய்னர் கருவிகள் உங்களைக் கேட்காமலே உள்ளே சப்வால்யூம்களை உருவாக்கி வைத்திருக்கும், அதனால் "சப்வால்யூம் லிஸ்ட்" கொடுத்து எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, தேவையான ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்னாப்ஷாட் எடுங்கள். இசட்எஃப்எஸ்ஸில் இந்தத் தலைவலி குறைவு. சிறிய ஆர் கொடுத்தால் கீழே உள்ள எல்லா டேட்டாசெட்டுகளுக்கும் (இசட்எஃப்எஸ்ஸில் சப்வால்யூம் போன்றவை) ஒரே நொடியில் எடுத்துவிடும்.

இந்த இரண்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது சென்ட்-ரிசீவ். நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்கும் இன்றைய ஸ்னாப்ஷாட்டுக்கும் இடையே மாறிய பிளாக்குகளை மட்டும் எடுத்து இன்னொரு டிஸ்க்குக்கோ நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கோ அனுப்பிவிடலாம். லட்சக்கணக்கான ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து ஒப்பிட வேண்டியதில்லை, எது மாறியது என்று ஃபைல் சிஸ்டத்துக்கே தெரியும். இதற்கு ஒரே நிபந்தனை, இரண்டு பக்கமும் பொதுவான ஒரு ஸ்னாப்ஷாட் இருந்தாக வேண்டும். இடம் வேண்டும் என்று அந்தப் பொது ஸ்னாப்ஷாட்டை ஒரு பக்கம் அழித்துவிட்டால், அடுத்த தடவை முழுவதையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டிவரும். அதனால் புதியது மறுபக்கம் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே பழையதை அழியுங்கள்.

போர்க், ரெஸ்டிக் போன்ற பேக்கப் மென்பொருள்களை ஸ்னாப்ஷாட்டின் மேல் ஓட்டினால், ஸ்னாப்ஷாட்டை ஒவ்வொரு நாளும் ஒரே பாதையில் மவுண்ட் செய்யுங்கள். பாதையில் தேதியைச் சேர்த்துவிட்டால் இவை எல்லாமே புது ஃபைல்கள் என்று நினைத்து, ஒவ்வொரு இரவும் முழு டிஸ்க்கையும் மறுபடி படிக்கும். சேமிக்கும் இடம் வீணாகாது, நேரம்தான் பல மடங்கு ஆகும்.

டேட்டாபேஸ் இருந்தால்

போஸ்ட்கிரஸ் வைத்திருப்பவர்கள், டேட்டா டைரக்டரியும் வால் (WAL) ஃபைல்களும், அதாவது மாற்றங்களை முதலில் எழுதி வைக்கும் லாகும், ஒரே ஸ்னாப்ஷாட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் போதும், ரீஸ்டோர் செய்து தொடங்கும்போது அது விபத்திலிருந்து மீள்வது போல லாகைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். டேபிள்ஸ்பேஸ், அதாவது சில டேபிள்களை வைக்கும் தனி இடம், வேறு டிஸ்க்கில் இருந்தால் கதை வேறு. இரண்டு டிஸ்க்கில் தனித்தனியாக எடுக்கும் இரண்டு ஸ்னாப்ஷாட்களும் ஒரே நொடியைச் சேர்ந்தவை அல்ல, இடையில் ஒரு நொடி வித்தியாசம் இருந்தாலும் அந்த பேக்கப்பை நம்ப முடியாது. அப்போது போஸ்ட்கிரஸின் சொந்த ஆன்லைன் பேக்கப் முறைக்குப் போய்விடுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபி டேபிள்கள் இதே மாதிரி மீண்டுவிடும். பழைய மைஐசாம் டேபிள்கள் அப்படி இல்லை. அவை இருந்தால் "ஃப்ளஷ் டேபிள்ஸ் வித் ரீட் லாக்" கொடுத்து, அந்த செஷனை மூடாமலே வைத்துக்கொண்டு ஸ்னாப்ஷாட் எடுத்து, பிறகு அன்லாக் செய்யுங்கள். ஸ்கிரிப்ட்டில் செய்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது: லாக் போட்ட கமாண்ட் முடிந்ததுமே இணைப்பு மூடப்பட்டு, லாக்கும் அங்கேயே விழுந்துவிடும், அதற்கப்புறம் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் உங்களுக்குத் தெரியாமலே பல மென்பொருள்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது, பிரவுசரின் ஹிஸ்டரி உட்பட. வால் முறையில் ஓடும்போது மெயின் ஃபைலின் பக்கத்தில் அதே பெயரோடு வால் என்று முடியும் இன்னொரு ஃபைல் இருக்கும், கடைசியாக எழுதியவை அதில்தான் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒன்றாக வர வேண்டும். தற்காலிக ஃபைல் என்று நினைத்து விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

எங்கே கெட்டுப்போகிறது

ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாவிட்டால் உங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சில மென்பொருள்கள் லாகில் ஒரு வரி எச்சரிக்கை எழுதிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்களிலிருந்தே நகல் எடுத்து, கடைசியில் பேக்கப் முடிந்தது என்று சொல்லிவிடும். நீங்கள் பல மாதமாக எனக்கு நடந்த அதே நிலையில் இருப்பீர்கள், தெரியாமலே. அப்படி ஓடாமல் நிறுத்தும் செட்டிங் இருந்தால் அதைப் போடுங்கள். சொந்த ஸ்கிரிப்ட் என்றால், ஸ்னாப்ஷாட் தோற்றதும் அங்கேயே நின்று உங்களுக்கு மெயிலாவது அனுப்ப வேண்டும். பேக்கப் ஒரு இரவு எடுக்கப்படாமல் போவது பெரிய விஷயம் இல்லை, தெரிந்தால் மறுநாள் எடுத்துவிடலாம்.

அதே ஸ்கிரிப்ட், நகல் பாதியில் தோற்றாலும் ஸ்னாப்ஷாட்டை அழித்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். அழிக்காமல் விட்ட எல்விஎம் ஸ்னாப்ஷாட் டிஸ்க்கை மெதுவாக்கிக்கொண்டே நிரம்பும். அழிக்காமல் விட்ட பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் மாதக்கணக்கில் இடத்தைத் தின்னும். ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே முந்தைய இரவின் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து அகற்றும் இரண்டு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் ஷேடோ காப்பியிலிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2017 மே மாதம் பரவிய வானாக்ரை, ஃபைல்களைப் பூட்டும்போதே ஷேடோ காப்பிகளையும் அழித்தது, அதுவும் நாம் மேலே பார்த்த அதே விஎஸ்எஸ்அட்மினை வைத்து. அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் கிடைத்த எந்தப் புரோகிராமும் அதே கணினியில் இருக்கும் ஸ்னாப்ஷாட்டை அழிக்க முடியும். அதனால் ஒரு நகலாவது அந்தக் கணினியிலிருந்து தொட முடியாத இடத்தில் இருக்க வேண்டும், கழற்றி வைத்த டிஸ்க்கோ, இங்கிருந்து அழிக்க அனுமதி இல்லாத தொலைதூர சர்வரோ.

ரீஸ்டோர் செய்து பாருங்கள்

மாதம் ஒரு தடவை, வேறு ஒரு ஃபோல்டருக்கோ வேறு கணினிக்கோ பேக்கப்பிலிருந்து எடுத்து, உரிய மென்பொருளிலேயே திறந்து பாருங்கள். அளவையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், என் ஃபைலில் அவை இரண்டும் சரியாகத்தான் இருந்தன. எஸ்க்யூலைட் ஃபைல் என்றால் "பிராக்மா இன்டெக்ரிட்டி_செக்" கொடுத்தால் ஓகே என்று ஒரே வார்த்தையில் பதில் வர வேண்டும். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் என்றால் ரீஸ்டோர் செய்த டைரக்டரியில் சர்வரையே தொடங்கிப் பார்த்து, கடைசியாக எழுதிய பதிவு எந்த நேரத்தைச் சேர்ந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். அது ஸ்னாப்ஷாட் எடுத்த நேரத்தோடு பொருந்த வேண்டும். பேக்கப் முடிந்த நேரத்துக்கு நெருக்கமாக, ஸ்னாப்ஷாட்டுக்குப் பிந்தைய பதிவு ஒன்று உள்ளே இருந்தால், மென்பொருள் ஸ்னாப்ஷாட்டை விட்டுவிட்டு ஓடும் ஃபைலிலிருந்து படித்திருக்கிறது என்று பொருள். நகல் எடுக்கும் பாதை மவுண்ட் செய்த இடத்தைக் காட்டுகிறதா, மூல ஃபோல்டரைக் காட்டுகிறதா என்று அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.